அஞ்சலில் வந்த நடுவயது

பாஸ்டன் நகருக்கு வடக்கே சுமார் 16 கிலோமீட்டர் தூரத்தில், கடலோரமாக இருக்கும் ஊர் லின். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கர்கள் காலில் போட்ட செருப்பிலும் பூட்சிலும் பெரும் பங்கு இங்கேதான் தைக்கப்பட்டது. ஆண்கள் அடித்தோலைப் பொருத்துவார்கள். பெண்கள் வீட்டிலும் பட்டறையிலும் உட்கார்ந்து மேல்தோலைத் தைப்பார்கள். 1860 மார்ச் 7 அன்று கூலி உயர்வு கேட்டுச் சுமார் 800 பெண்கள் கொட்டும் பனியில் இந்த ஊர்த் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். முதலாளியிடம் வாய் திறந்து கேட்கத் துணிந்த அந்தப் பெண்களுக்குக்கூடத் தங்கள் உடம்பைப் பற்றிப் பேச ஆளில்லை.

அதே ஊரில் 1875இல், 56 வயதான ஒரு பெண் தன் வீட்டு அடுப்பில் காய்ச்சிய மூலிகைக் கஷாயத்தைப் புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கினார். பெயர் லிடியா எஸ்டிஸ் பிங்கம். குவேக்கர் குடும்பத்தில் 1819இல் பிறந்தவர். பள்ளி ஆசிரியையாக இருந்தவர். அடிமை முறையை எதிர்த்த பெண்கள் சங்கத்தில் இளவயதிலேயே சேர்ந்தவர். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து பெரும் பேச்சாளரான ஃபிரெடரிக் டக்ளஸ் 1840களில் லின்னில் குடியிருந்தபோது, எஸ்டிஸ் குடும்பத்துக்கு நண்பரானார். லிடியாவின் கணவர் ஐசக் பிங்கம் நிலம் வாங்கி விற்பதில் பணம் பார்த்தவர். 1873இல் அமெரிக்க வங்கிகள் சரிந்தபோது அவரும் சரிந்தார். மனிதர் அதன் பிறகு எழுந்திருக்கவே இல்லை. குடும்பம் சோற்றுக்கு வழி தேடிய நேரத்தில்தான் லிடியா அதுவரை அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு இலவசமாகக் கொடுத்து வந்த கைமருந்து வியாபாரமானது. பக்கத்து ஊரான சேலத்திலிருந்து சில பெண்கள் தேடி வந்து ஆறு புட்டியை 5 டாலருக்கு வாங்கிப் போனதுதான் முதல் விற்பனை என்று குடும்பத்தில் சொல்லிவந்தார்கள்.

கஷாயத்தில் இருந்தவை ஐந்து. ப்ளாக் கோஹோஷ், யூனிகார்ன் ரூட், லைஃப் ரூட், ப்ளூரிசி ரூட் ஆகிய நான்கு அமெரிக்க வேர்மூலிகைகள், ஐந்தாவது வெந்தயம். நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் அதே வெந்தயம்தான். இவை கெடாமல் இருக்கவும் சாறு இறங்கவும் என்று சொல்லி, 18 முதல் 20 சதவீதம் வரை மதுவும் சேர்த்தார்கள். மதுவிலக்குக்காகப் போராடிய பெண்கள் பலரும் இதை நம்பிக் குடித்தார்கள். புட்டியின் மேல் ஒட்டிய தாளில் கருப்பை இறக்கம் முதல் பெண்களுக்கு வரும் எல்லாப் பலவீனமும் தீரும் என்று எழுதியிருந்தது. மாதவிடாய் நிற்கும் காலத்துத் தொல்லைகளுக்கு இது மிகவும் ஏற்றது என்றும் விளம்பரம் செய்தார்கள்.

தீர்ந்ததா? கருப்பை இறக்கத்தை எந்தக் கஷாயமும் மேலே தூக்காது. ப்ளாக் கோஹோஷ் இன்றைக்கும் மாதவிடாய் நிற்கும் காலத்து உடல்சூட்டுக்கு மாத்திரையாக விற்கிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த பின்னும் அது பலன் தரும் என்று உறுதியாகச் சொல்லப் போதிய சான்று கிடைக்கவில்லை. லைஃப் ரூட்டில் கல்லீரலைக் கெடுக்கும் பொருள்கள் இருப்பது பிற்காலத்தில் தெரியவந்தது. இருந்தும் அந்தக் காலத்துப் பெண்கள் ஏன் இதை வாங்கினார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, மருத்துவரிடம் போனால் அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று பார்க்க வேண்டும்.

கருப்பை வாயில் அட்டை விட்டு இரத்தம் உறிஞ்சவைத்த காலம் அது. வலிக்கும் தூக்கமின்மைக்கும் அபினி. 1872இல் ஜார்ஜியா மாநிலத்தில் ராபர்ட் பேட்டி என்ற அறுவை மருத்துவர், நோய் எதுவும் இல்லாத சினைப்பைகளை வெட்டி எடுக்கும் சிகிச்சையைத் தொடங்கினார். மாதவிடாய் வலிக்கும், படபடப்புக்கும், மனக்கலக்கத்துக்கும்கூட அதைச் செய்தார்கள். பிழைக்காமல் போன பெண்கள் நிறைய. பிழைத்தவர்கள் முப்பது வயதிலேயே மாதவிடாய் நின்று, உடல்சூட்டோடும் வியர்வையோடும் வாழ்ந்தார்கள். அந்தக் கத்தியோடு ஒப்பிட்டால் வெந்தயமும் மதுவும் கலந்த ஒரு கரண்டிக் கஷாயம் எவ்வளவோ மேல். லிடியாவை ஏமாற்றுக்காரர் என்று ஒரே சொல்லில் ஒதுக்குபவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்ப்பதில்லை.

பெண் மருத்துவர் என்று யாரையாவது தேடிப் போவதும் எளிதல்ல. 1835 முதல் பாஸ்டனில் பெண்களுக்கு வைத்தியம் பார்த்துவந்த ஹாரியட் ஹன்ட், ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் விரிவுரை கேட்க 1847இல் அனுமதி கேட்டார், மறுத்தார்கள். 1850இல் ஆசிரியர்கள் சம்மதித்தும், மாணவர்கள் கூச்சல் போட்டு அவரை உள்ளே வரவிடாமல் செய்தார்கள். அந்தக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1945இல். ஆனால் அதே பாஸ்டனில் 1862இலேயே மேரி சாக்ரெஷ்ஸ்கா என்ற மருத்துவர், பெண்களுக்காகப் பெண்களே நடத்தும் நியூ இங்கிலாந்து மருத்துவமனையைத் தொடங்கிவிட்டார். அமெரிக்காவில் முறையான பயிற்சி முடித்துப் பட்டயம் வாங்கிய முதல் நர்ஸ் லிண்டா ரிச்சர்ட்ஸ், 1873இல் வெளிவந்தது இங்கிருந்துதான். 1879இல் அந்நாட்டின் முதல் கறுப்பினப் பயிற்சி நர்ஸாக மேரி எலிசா மஹோனி வெளிவந்ததும் இங்கிருந்தே. நூறு ஆண்டுகள் கழித்து நடுவயதுப் பெண்களின் உடல்நலம் பற்றி உலகுக்குச் சொல்லப்போகிறவர்கள் நர்ஸுகள். அவர்களின் படிப்பு இந்த வட்டாரத்தில்தான் வேர் பிடித்தது.

லிடியாவின் மகன் டான், புரூக்ளினுக்குப் போய் வீடு வீடாகத் துண்டுப்பிரசுரம் கொடுத்தார். வண்டிக்குக் காசில்லாமல் நடந்தே தேய்ந்தார். பிறகு பாஸ்டன் ஹெரால்டு நாளிதழின் முதல் பக்கத்தில் 60 டாலர் கொடுத்து விளம்பரம் போட்டார்கள். புட்டி விற்கத் தொடங்கியது. 1879இல் லிடியாவின் முகத்தையே விளம்பரத்தில் போட்டபோது வியாபாரம் எகிறியது. படியவாரிய தலை, கழுத்தில் லேஸ், நிதானமான பார்வை. அமெரிக்காவில் அன்றைக்கு அதிகம் பேர் பார்த்த பெண்முகங்களில் அதுவும் ஒன்றானது. அறுபதைத் தொட்ட ஒரு பெண்ணின் முகம், சுருக்கத்தோடு அப்படியே, நாடு முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. இன்றைய விளம்பரங்களிலேயே அது அபூர்வம்.

முகத்தைப் பார்த்த பெண்கள் கடிதம் எழுதினார்கள். விளம்பரமும் எழுதச் சொன்னது. பெண்ணின் வேதனை பெண்ணுக்குத்தான் புரியும், உங்கள் கடிதத்தை ஆண் எவரும் பார்க்கமாட்டார் என்று வாக்குக் கொடுத்தது. பண்ணை வீடுகளிலிருந்து, ஆலைத் தெருக்களிலிருந்து கடிதங்கள் குவிந்தன. எட்டுப் பிள்ளை பெற்றபின் அடி இறங்கிப்போனது, மாதம் மூன்று முறை தீட்டு, ராத்திரியில் குப்பென்று வியர்த்துத் தூக்கம் போவது, காரணமில்லாமல் அழுகை வருவது. அம்மாவிடமும் கணவரிடமும் சொல்லமுடியாததை லின் என்ற ஊரின் விலாசத்துக்கு எழுதினார்கள். லிடியா பதில் எழுதினார். கஷாயம் குடி என்று மட்டும் எழுதவில்லை. காற்றாட நட, இறுக்கிக் கட்டும் உடுப்பைத் தளர்த்து, நல்ல சாப்பாடு சாப்பிடு, குளி, அவசரப்பட்டு அறுவைக்கு உடன்படாதே என்றும் எழுதினார்.

கூடவே கேட்டவர்களுக்கு ஒரு சிறு புத்தகமும் இலவசமாகப் போனது. மாதவிடாய், கர்ப்பம், பிரசவம், மாதவிடாய் நிற்பது என எல்லாவற்றையும் எளிய ஆங்கிலத்தில் சொன்ன புத்தகம். கருத்தடை பற்றிய தகவலை அஞ்சலில் அனுப்புவதே குற்றம் என்று 1873இல் சட்டம் போட்டிருந்த நாட்டில், தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று ஒரு பெண் அச்சில் படிக்கக் கிடைத்த மிகச் சில வழிகளில் இதுவும் ஒன்று. பிங்கம் கம்பெனி விற்றதிலேயே உருப்படியான சரக்கு, காசு வாங்காமல் கொடுத்த இந்தப் புத்தகம்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

1881இல் டானும் அவர் தம்பி வில்லும் காசநோயில் இறந்தார்கள். 1883 மே 17 அன்று லிடியாவும் காலமானார். கடிதங்கள் நிற்கவில்லை. விளம்பரங்களும் திருமதி பிங்கமுக்கு எழுதுங்கள் என்பதை நிறுத்தவில்லை. பதில்கள் தொடர்ந்து போயின. எழுதியவர்கள் அலுவலகத்தில் சம்பளத்துக்கு உட்கார்ந்த பெண்கள். கையெழுத்து மட்டும் பிங்கம். குடும்பத்தில் மருமகள் ஒருவரும் பிங்கம் என்பதால் அது பொய்யில்லை என்று கம்பெனி வாதிட்டது. 1905இல் லேடீஸ் ஹோம் ஜர்னல் பத்திரிகை, லின் இடுகாட்டில் இருந்த லிடியாவின் கல்லறைக் கல்லைப் படமெடுத்துப் போட்டது. இருபத்திரண்டு வருடமாக இல்லாத ஒருவருக்குத்தான் பெண்கள் அந்தரங்கத்தை எழுதிவந்தார்கள் என்பது அந்தப் படத்தில் தெரிந்தது.

அதைவிடக் கேவலமான ஒன்றையும் அந்நாளைய பத்திரிகைகள் வெளியே கொண்டுவந்தன. மருந்துக் கம்பெனிகளுக்கு வந்த கடிதங்களைக் கட்டுக்கட்டாக வாங்கி, வேறு கம்பெனிகளுக்கு விலாசத்துக்காக வாடகைக்கு விடும் தரகர்கள் இருந்தார்கள். ஒரு பெண் கண்ணீரோடு எழுதிய நாலு பக்கம், ஆயிரத்துக்கு இவ்வளவு என்று சந்தையில் போனது. 1906இல் உணவு, மருந்துக் கலப்படத் தடைச் சட்டம் வந்தபோது பிங்கம் புட்டியில் மதுவின் அளவை அச்சிட வேண்டியதாயிற்று: 18 சதவீதம். சாதாரண திராட்சை மதுவைவிடக் கூடுதல். பின்னர் அதைக் குறைத்தார்கள், தீராத நோய் தீரும் என்ற வாசகங்களையும் சுருக்கினார்கள். ஆனாலும் 1925இல் விற்பனை 38 லட்சம் டாலர். கம்பெனி கண்ட உச்சம் அது. 1968இல் கம்பெனி கைமாறியது. சில ஆண்டுகளில் லின் ஆலை மூடப்பட்டது. வெஸ்டர்ன் அவென்யூவில் லிடியாவின் வீடு இப்போது தேசிய வரலாற்றுச் சின்னம். கம்பெனியின் ஆவணங்கள் பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜில், ஷ்லெசிங்கர் நூலகத்தில் இருக்கின்றன.

நடுவில் மருத்துவம் வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தது. 1920களில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பிரித்தெடுத்தார்கள். 1942இல் சினைக்குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன், ப்ரெமரின் என்ற மாத்திரையாக அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. உடல்சூட்டையும் வியர்வையையும் இது உண்மையாகவே அடக்கியது. அதோடு நின்றிருந்தால் நல்லது. 1966இல் ராபர்ட் வில்சன் என்ற நியூயார்க் மருத்துவர், மாதவிடாய் நிற்பதையே ஒரு குறைபாட்டு நோயாகக் காட்டி, ஆயுள் முழுக்க ஹார்மோன் சாப்பிட்டால் பெண்மை மாறாது என்று புத்தகம் எழுதினார். அவருக்கு மருந்துக் கம்பெனிகளின் பணம் வந்தது பிற்காலத்தில் தெரிந்தது. லட்சக்கணக்கான பெண்கள் சாப்பிட்டார்கள். 1975இல் பாஸ்டனிலிருந்து வரும் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில், தனி ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களுக்குக் கருப்பை உட்சுவரில் புற்றுநோய் பல மடங்கு கூடுகிறது என்று இரண்டு ஆய்வுகள் வந்தன. அதன்பின் கருப்பை உள்ளவர்களுக்கு இன்னொரு ஹார்மோனையும் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

இந்தக் காலத்தில் மாரடைப்பு ஆண்களின் நோய் என்றே பொதுவாக நம்பினார்கள். 1964இல் அமெரிக்க இருதயச் சங்கம் ஒரிகன் மாநிலத்தில் பெண்களுக்கென்று ஒரு மாநாடு நடத்தியது. பொருள், கணவரின் இருதயத்தை மனைவி எப்படிக் காப்பாற்றுவது என்பது. மனைவியின் இருதயத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பாஸ்டனுக்கு மேற்கே முப்பது கிலோமீட்டர் சுமாரில் இருக்கும் ஃப்ராமிங்ஹாம் ஊரில் மட்டும் நிலைமை வேறு. 1948இல் அங்கே தொடங்கிய இருதய ஆய்வில் சேர்ந்த 5,209 பேரில் 2,873 பேர் பெண்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அவர்கள் மருத்துவர் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். ஒரே வயதுப் பெண்களில் மாதவிடாய் நின்றவர்களுக்கு இருதய நோய் அதிகம் வருகிறது என்று 1970களில் அந்தப் பதிவேடுகள் காட்டின. ரேஷன் கார்டு வயதைவிட மாதவிடாய் நின்ற கணக்கு முக்கியம் என்பதைச் சொன்னவர்கள் அந்த ஊர்ப் பெண்கள்.

1969 மே மாதம் பாஸ்டனில் எம்மானுவேல் கல்லூரியில் நடந்த பெண்கள் மாநாட்டில், உடம்பைப் பற்றிப் பேச ஒரு சிறு கூட்டம் கூடியது. வந்தவர்கள் தங்கள் மருத்துவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லத் தொடங்க, பேச்சு முடியவே இல்லை. அவர்களில் சிலர் தொடர்ந்து சந்தித்து, ஆளுக்கொரு தலைப்பை எடுத்து மருத்துவ நூல்களைப் படித்துக் குறிப்பெழுதினார்கள். யாரும் மருத்துவர் இல்லை. 1970இல் அது 193 பக்கத்தில், செய்தித்தாள் காகிதத்தில், 75 சென்ட் விலையில் வெளிவந்தது. விளம்பரமே இல்லாமல் கையிலிருந்து கைக்கு இரண்டரை லட்சம் பிரதி போனது. 1973இல் பெரிய பதிப்பகம் ஒன்று 'அவர் பாடீஸ், அவர்செல்வ்ஸ்' என்ற பெயரில் அதை எடுத்துக்கொண்டபோது, பெண்கள் மருத்துவமனைகளுக்கும் சிகிச்சை நிலையங்களுக்கும் பெருந்தள்ளுபடி தரவேண்டும் என்று குழு நிபந்தனை போட்டு வாங்கியது. முதல் பதிப்பை எழுதியவர்கள் இளம்பெண்கள். பிரசவமும் கருத்தடையும் அவர்கள் கவலை. அவர்களுக்கும் வயதானது. 1987இல் நடுவயதுக்கும் முதுமைக்கும் தனி நூல் வந்தது. 2006இல் மெனோபாஸுக்கென்றே, அதாவது மாதவிடாய் நிற்பதற்கென்றே, ஒரு நூல். இந்தப் புத்தகங்களுக்கும் வாசகியரின் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. எந்தத் தரகரும் இடையில் இல்லாமல், அடுத்த பதிப்பில் அவை திருத்தமாக ஏறின.

1976இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஃப்ராங்க் ஸ்பைசர், 11 மாநிலங்களில் 30 முதல் 55 வயதுக்குட்பட்ட திருமணமான நர்ஸுகளுக்கு ஒரு கேள்வித்தாளை அஞ்சலில் அனுப்பினார். கருத்தடை மாத்திரை நெடுநாளில் என்ன செய்கிறது என்பதே முதல் கேள்வி. 1,21,700 பேர் நிரப்பி அனுப்பினார்கள். நர்ஸுகளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது: இரத்த அழுத்தம் எவ்வளவு, கட்டி எந்த வகை, மருந்தின் பெயர் என்ன என்று பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவர்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கேள்வித்தாள் போகும். ஷிஃப்ட் முடிந்து வந்து, பிள்ளைகளைத் தூங்கவைத்து, சமையலறை மேஜையில் உட்கார்ந்து நிரப்பியவர்கள் அவர்கள். காசு கிடையாது. மாதவிடாய் எந்த வயதில் நின்றது, எத்தனை சிகரெட், வாரத்துக்கு எத்தனை முட்டை, எவ்வளவு நடை, இரவுப் பணி எத்தனை வருடம். 1980களின் தொடக்கத்தில் கால்நகத்தை வெட்டி உறையில் போட்டு அனுப்பக் கேட்டார்கள். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அனுப்பினார்கள். 1989-90இல் 32,826 பேர் தங்கள் இரத்தத்தைக் குளிர்பெட்டியில் வைத்துப் பாஸ்டனுக்கு அனுப்பினார்கள். ஒருவர் இறந்துபோனால் குடும்பத்தார் அதையும் எழுதித் தெரிவித்தார்கள்.

லின்னுக்கு எழுதிய பெண்களும் இதே விவரங்களைத்தான் எழுதினார்கள். அந்தக் கடிதங்களை யாரும் எண்ணவில்லை. கூட்டிக் கழித்துப் பார்க்கவில்லை. எட்டுப் பிள்ளை பெற்றவருக்கும் பிள்ளையே இல்லாதவருக்கும் ஒரே புட்டி போனது. நர்ஸுகளின் உறைகள் வந்த இடத்தில் கணக்குப் பார்க்க ஆள் இருந்தார்கள். புகைபிடிக்கும் நர்ஸுக்கு மாரடைப்பு எத்தனை மடங்கு, டால்டா போன்ற இறுகிய எண்ணெயில் உள்ள ட்ரான்ஸ் கொழுப்பு இருதயத்தை என்ன செய்கிறது என்பதெல்லாம் அங்கிருந்து வெளிவந்தன. ட்ரான்ஸ் கொழுப்பின் அளவை உணவுப் பொட்டலத்தில் போட வேண்டும் என்று 2006இல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த விதிக்குப் பின்னால், 1993இல் வெளியான நர்ஸுகளின் கணக்கும் இருக்கிறது.

ஆனால் இந்த உறைகள் ஒரு விஷயத்தில் தவறான வழியையும் காட்டின. 1985 அக்டோபரில் நியூ இங்கிலாந்து ஜர்னலின் ஒரே இதழில் இரண்டு கட்டுரைகள் வந்தன. மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் எடுத்த நர்ஸுகளுக்கு இருதய நோய் வெகுவாகக் குறைகிறது என்றது ஒன்று. ஹார்மோன் எடுத்தவர்களுக்கு இருதய, இரத்தக்குழாய் நோய்கள் கூடுகின்றன என்றது ஃப்ராமிங்ஹாம். ஒரே மாநிலத்தின் இரண்டு ஆய்வுகள், நேர்மாறான விடைகள். மருத்துவ உலகம் பெரும்பாலும் நர்ஸுகள் பக்கம் சாய்ந்தது. எண்ணிக்கை பெரியது, விடையும் எல்லோரும் விரும்பியது. 1990களில் உடல்சூடு இல்லாத பெண்களுக்கும் இருதயத்தைக் காக்க என்று ஹார்மோன் எழுதிக்கொடுத்தார்கள்.

கோளாறு எங்கே என்றால், ஹார்மோன் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பெண்கள் ஏற்கெனவே தங்களைக் கவனித்துக்கொண்டவர்கள். மருத்துவரிடம் ஒழுங்காகப் போகிறவர்கள், எடை குறைந்தவர்கள், வசதியும் கொஞ்சம் கூடுதல். அவர்கள் இருதயம் நன்றாக இருந்ததற்கு மாத்திரைதான் காரணமா, மற்றதெல்லாமா என்பதைக் கேள்வித்தாளால் முழுக்கப் பிரித்துச் சொல்ல முடியாது. அதைப் பிரிக்க ஒரே வழி, சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெறும் மாத்திரையும் கொடுப்பது. தேசிய சுகாதார நிறுவனங்களின் முதல் பெண் தலைவரான பெர்னடீன் ஹீலி 1991இல் தொடங்கிவைத்த பெண்கள் நல ஆய்வு அதைச் செய்தது. கருப்பை உள்ள 16,608 பெண்கள், வயது 50 முதல் 79 வரை. 2002 ஜூலையில், திட்டமிட்ட காலத்துக்கு முன்பே அதை நிறுத்தினார்கள். ஆண்டுக்கு 10,000 பெண்களில், இரண்டு ஹார்மோன்களும் சேர்த்து எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் 8, மாரடைப்பு முதலியவை 7, பக்கவாதம் 8, நுரையீரல் இரத்தக்கட்டி 8 என்று கூடுதலாக வந்தன. இடுப்பெலும்பு முறிவு 5, பெருங்குடல் புற்றுநோய் 6 என்று குறைந்தன. மார்பகப் புற்றுநோய் கூடும் என்பதை நர்ஸுகளின் உறைகள் 1995இலேயே சொல்லியிருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இருதயத்தில்தான் அவை பிசகின.

அந்த ஜூலை மாதச் செய்தியைக் கேட்டு லட்சக்கணக்கான பெண்கள் ஒரே நாளில் மாத்திரையைக் குப்பையில் போட்டார்கள். தூக்கமில்லாமல் துவண்ட ஐம்பது வயதுக்காரிக்குக்கூட எழுதிக்கொடுக்க மருத்துவர்கள் அஞ்சினார்கள். அதுவும் நியாயமில்லை. ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. பலருக்கு மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்கும் மேல். கணக்கை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, அறுபதுக்குள், மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் தொடங்கியவர்களுக்கு ஆபத்து மிகக் குறைவு என்று தெரிந்தது. நர்ஸுகளில் பெரும்பாலோர் மாதவிடாய் நின்ற சூட்டோடு ஹார்மோன் தொடங்கியவர்கள். இரண்டு ஆய்வும் முரண்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டு ஆய்வுகளிலும் பணியாற்றிய பாஸ்டன் மருத்துவர் ஜோஆன் மேன்சன் இதை விளக்கிப் பல ஆண்டுகள் எழுதிவந்தார்.

மேன்சன் குழு 1999இல் வெளியிட்ட இன்னொரு கணக்கு அவ்வளவாகப் பேசப்படவில்லை. 40 முதல் 65 வயதுக்குட்பட்ட 72,488 நர்ஸுகளில், வாரத்துக்கு மூன்று மணி நேரமாவது விறுவிறுப்பாக நடந்தவர்களுக்கு இருதய நோய் 30 முதல் 40 சதவீதம் குறைந்திருந்தது. நடுவயதில் நடக்கத் தொடங்கியவர்களுக்கும் பலன் இருந்தது. இதுவும் கேள்வித்தாளில் வந்த கணக்குத்தான், சந்தேகிக்க இடமுண்டு. ஆனால் வேறு நாடுகளில், வேறு மக்களிடம் எடுத்த கணக்குகளும் இதே பக்கம் நிற்கின்றன. இந்த நர்ஸுகளில் பெரும்பாலோர் வெள்ளையர்கள் என்பது ஆய்வின் பெரிய குறை. கறுப்பினப் பெண்களின், ஆசியப் பெண்களின் நடுவயது அந்த உறைகளில் மிகக் கொஞ்சமே இருக்கிறது. அதைச் சரிசெய்யும் முயற்சியாக, 2010இல் தொடங்கிய மூன்றாம் கட்டத்தில் பல இனத்தவரையும் சேர்த்துக்கொள்ள முனைந்தார்கள். இப்போது கேள்விகள் இணையம் வழியே போகின்றன.

2025 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், மெனோபாஸ் ஹார்மோன் மருந்துகளின் மேல் இருபது வருடமாக இருந்த கறுப்புக் கட்டமிட்ட கடும் எச்சரிக்கையில் இருதய நோய், மார்பகப் புற்றுநோய், மறதிநோய் பற்றிய வாசகங்களை எடுக்கப்போவதாக அறிவித்தது. கருப்பை உள்ளவர் தனி ஈஸ்ட்ரோஜனை உடல் முழுக்கச் சேரும் விதத்தில் எடுத்தால் கருப்பைப் புற்றுநோய் வரலாம் என்ற 1975ஆம் வருடத்து எச்சரிக்கை மட்டும் அப்படியே இருக்கும். இதை வரவேற்ற மருத்துவர்களும் உண்டு. பிறப்புறுப்பில் மட்டும் தடவும் க்ரீமுக்கு எச்சரிக்கையை எடுத்தது சரி, எல்லாவற்றுக்கும் எடுத்தது அவசரம் என்று சொல்பவர்களும் உண்டு. மருந்து கேட்டு வரும் பெண்ணிடம் வயது என்ன, மாதவிடாய் நின்று எத்தனை வருடம், கருப்பை இருக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் வந்ததா என்று இரு தரப்பும் கேட்கின்றன. அந்தக் கேள்விகள் எல்லாமே 1976இன் கேள்வித்தாளிலும் அதைத் தொடர்ந்த தாள்களிலும் இருந்தவைதான்.